அப்பாவோட ஃபைல்ல இருக்கிற அந்த ஒரு வரி: ராணுவ டிசபிலிட்டி பென்ஷனை நிரூபிக்க வேண்டியது யார்?

டேர்ம் இன்சூரன்ஸ் வீடியோ போட்டதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு, இன்சூரன்ஸுக்கு நேரடியா சம்பந்தமே இல்லாதது. ஊர் உளுந்தூர்பேட்டை பக்கத்துல ஒரு கிராமம், வேலை சென்னை ஓ.எம்.ஆர்.ல. அந்தத் தம்பி எழுதினதோட சுருக்கம் இதுதான்: "அண்ணா, அப்பா ஆர்மியில 24 வருஷம் இருந்துட்டு 2014ல ஹவில்தாரா ரிட்டயர் ஆனார். சர்வீஸ்ல இருக்கும்போதே பிரஷர் வந்துடுச்சு, இன்னைக்கும் மாத்திரை போடுறார். நார்மல் பென்ஷன் வருது. ஆனா டிசபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னு அப்பவே லெட்டர் வந்துடுச்சாம். பிரஷர் பட்டாளத்தால வந்துச்சுன்னு நாங்க எப்படி நிரூபிக்கிறது?"

கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கு தம்பி. அது உங்க தப்பு இல்ல, ஊர்ல எல்லாரும் இப்படித்தான் கேட்கிறாங்க. சாதாரணமா உங்க அப்பா எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 'இந்த நோய்க்கும் சர்வீஸுக்கும் சம்பந்தம் இல்லை'ன்னு எழுதினவங்கதான் அதுக்குக் காரணம் சொல்லணும். சுப்ரீம் கோர்ட் 2013லயே தெளிவா சொன்ன விஷயம் இது. ஆனா இந்தச் சாதகம் கடைசி வரைக்கும் கூட வராது. கெடு ஒண்ணு இருக்கு, அதை நீங்க தவறவிட்டா நிரூபிக்கிற பாரம் உங்க தலையில வந்து உட்கார்ந்துக்கும். இன்னைக்கு முழுக்க அதைப் பத்திதான்.

முதல்ல காசு எவ்வளவுன்னு பார்த்துடுவோம். பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற இடத்துல ராணுவச் சட்டம் எதுக்குன்னு சிலர் நினைக்கலாம், அவங்களுக்காக.

டிசபிலிட்டி பென்ஷன்ல ரெண்டு பகுதி உண்டு. ஒண்ணு சர்வீஸ் எலிமென்ட், இன்னொண்ணு டிசபிலிட்டி எலிமென்ட். முழு சர்வீஸ் முடிச்சு பென்ஷனோட வந்தவருக்கு முதல் பகுதி ஏற்கனவே பென்ஷனா வந்துட்டு இருக்கு. நம்ம பேச்சு ரெண்டாவது பகுதியைப் பத்தி. 100% ஊனம்னா கடைசியா வாங்கின கணக்குச் சம்பளத்துல 30%. ஊனம் குறையக் குறைய இதுவும் அதே விகிதத்துல குறையும். பிரஷருக்கு மெடிக்கல் போர்டு பொதுவா 30% ஊனம்னு போடும்.

இப்ப கணக்குக்கு ஒரு நம்பர் எடுத்துக்குவோம். கடைசிச் சம்பளம் ரூ.45,000. அதுல 30% ரூ.13,500. இது 100% ஊனத்துக்கு. நம்ம ஆளுக்கு 30% ஊனம், அதனால ரூ.4,050. இங்கதான் 'ரவுண்டிங் ஆஃப்'னு ஒரு விஷயம் வருது. ஊனம் 20% முதல் 49% வரை இருந்தா அதை 50%ஆ எடுத்துக்கணும். 50லிருந்து 75 வரை இருந்தா 75%. அதுக்கு மேல 100%. முதல்ல இந்தச் சலுகை உடம்பு சரியில்லைன்னு பாதியில அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான் இருந்தது. முழு சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் இது உண்டுன்னு 2014 டிசம்பர் 10ல ராம் அவ்தார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆக, ரூ.4,050 இல்ல, ரூ.6,750.

மாசம் ரூ.6,750ன்னா வருஷத்துக்கு ரூ.81,000. 25 வருஷத்துக்கு ரூ.20 லட்சத்துக்கு மேல. இதுல அகவிலை நிவாரணம் சேர்க்கலை, அதுவும் தனியா உண்டு. இதே வருமானம் 7% வட்டியில பேங்க் எஃப்.டி.ல இருந்து வரணும்னா சுமார் ரூ.11.6 லட்சம் போட்டு வைக்கணும். அந்த எஃப்.டி. வட்டி விலைவாசியோட ஏறாது, இந்தப் பணம் ஏறும். மாசம் ரூ.2,000 எஸ்.ஐ.பி. போடுறதுக்கு நாம எத்தனை வீடியோ பார்க்கிறோம், எத்தனை ஆப் ஒப்பிடுறோம்! வீட்டு டிரங்குப் பெட்டியில இவ்வளவு பெரிய சொத்து பழுப்பேறிக் கிடக்குது, அதை யாரும் பிரிச்சுப் பார்க்கிறதில்ல.

சரி, அந்த லெட்டர்ல என்ன இருக்கும்?

ராணுவத்தை விட்டு வெளிய வரும்போது, மெடிக்கல் கேட்டகிரி குறைஞ்சிருந்தா, ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காரும். அவங்க நிரப்புற படிவத்துக்குப் பேர் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16. என்ன நோய், எப்ப, எந்த இடத்துல ஆரம்பிச்சது, எத்தனை சதவீதம்னு எல்லாம் அதுல வரும். எல்லாத்தையும் விட முக்கியமான கேள்விகள் ரெண்டு. இந்த நோய் சர்வீஸால வந்ததா? இல்லைன்னா, வந்த நோய் சர்வீஸால மோசமாச்சா? ரெண்டுல ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு பதில் இருந்தாலே போதும், ரெண்டும் தேவையில்ல. பல பேர் ஃபைல்ல ரெண்டுக்கும் 'இல்லை'ன்னு போட்டிருக்கும். அதுக்கு இங்கிலீஷ்ல நாலெழுத்துச் சுருக்கம் உண்டு, சேர்த்துப் படிச்சா 'நானா'ன்னு வரும். வியாதிக்கு யார் பொறுப்புன்னு கேட்டா ராணுவம் 'நானா?'ன்னு திருப்பிக் கேட்கிற மாதிரியே இருக்கும். ஜோக் இல்லீங்க, நிஜமாவே அந்தச் சுருக்கம்தான்.

இந்த ஒரு வரியை வச்சுத்தான் பென்ஷன் கிளெய்ம் நிராகரிக்கப்படுது. கீழ காரணம்னு ஒரு இடம் இருக்கும். அங்க 'அமைதிப் பகுதியில ஆரம்பிச்சது, சர்வீஸோட தொடர்பு இல்லை'ன்னு ஒரே வாக்கியம் இருக்கும். சில ஃபைல்ல அதுகூட இருக்காது.

இப்ப தரம்வீர் சிங் வழக்குக்கு வருவோம். சிக்னல்ஸ் கோர்ல சிப்பாய். 1985 ஜூன் 10ல சேர்ந்தார். வலிப்பு நோய் வந்து, 20% ஊனம்னு 1994 ஏப்ரல் 1ல வெளிய அனுப்பினாங்க. ஒன்பது வருஷ சர்வீஸ். மெடிக்கல் போர்டு சொன்னது அதே பல்லவி: சர்வீஸோட சம்பந்தம் இல்லை. ஹைகோர்ட்ல ஒரு நீதிபதி இவருக்குச் சாதகமா தீர்ப்பு சொன்னார், டிவிஷன் பெஞ்ச் அதைத் திருப்பிடுச்சு. கடைசியில 2013 ஜூலை 2ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சார். வெளிய அனுப்பப்பட்டு 19 வருஷம் கழிச்சு.

கோர்ட் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. ராணுவத்தோட சொந்த விதிப் புத்தகத்தை, அதாவது 1982ஆம் வருஷத்து பென்ஷன் தகுதி விதிகளை, எடுத்து வாசிச்சுது, அவ்வளவுதான். சேரும்போது ஒருத்தர் நல்ல உடம்போட இருந்தார்னே எடுத்துக்கணும். அப்ப ஏதாவது குறை இருந்தா அன்னைக்கே எழுதி வச்சிருக்கணும். எழுதலைன்னா, பின்னால வந்த நோய் சர்வீஸால வந்ததுன்னு அனுமானிக்கணும். நிரூபிக்கச் சொல்லி சிப்பாயைக் கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தா அதோட பலன் சிப்பாய்க்கு. 'சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது'ன்னு போர்டு சொல்லணும்னா, ஏன்னு காரணம் எழுதணும்.

யோசிச்சுப் பாருங்க, இதுல இருக்கிற நியாயம் ரொம்ப எளிமையானது. ஆள் எடுக்கும்போது நெஞ்சு அளந்து, ஓட விட்டு, கண்ணு, காது, பல்லு, முட்டின்னு ஒண்ணு விடாம பார்த்து, கொஞ்சம் குறை இருந்தாலும் 'அன்ஃபிட்'னு வீட்டுக்கு அனுப்புற நிறுவனம் அது. அப்படிப் பொறுக்கி எடுத்து 'ஷேப்-1'னு சீல் குத்தின பையனை இருபது வருஷம் கழிச்சு மாத்திரைப் பட்டையோட திருப்பி அனுப்புறீங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்ல வேண்டியது யாரு? எல்லா ரெக்கார்டும் அவங்க கையிலதான் இருக்கு. இருபது வயசுல வண்டி ஏறிப் போன ஆளு, தன் ரத்தக் குழாய்க்குள்ள நடந்ததுக்கு சாட்சி எங்க போய்த் தேடுவார்?

அமெரிக்காவுலயும் இதே சண்டை பல காலமா நடந்துச்சு. ஈராக், ஆப்கானிஸ்தான்ல குப்பையை எரிச்ச குழிகளோட புகையைச் சுவாசிச்சவங்களுக்கு வந்த நோய்களை, ஒவ்வொருத்தரும் தனித்தனியா நிரூபிக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்ட் 10ல கையெழுத்தான பேக்ட் சட்டம், ஒரு பட்டியல் போட்டு, அந்த இடத்துல இருந்தவருக்கு இந்த நோய் வந்தா சர்வீஸால வந்ததாவே எடுத்துக்கணும்னு சொல்லிடுச்சு. அங்க தனிச் சட்டம் போட்டு வாங்கின மாதிரி ஒரு அனுமானம் நம்ம விதிப் புத்தகத்துல 1982லயே இருந்திருக்கு. நாம வாசிக்கலை.

எல்லாரும் ஜெயிச்சுடுவாங்கன்னு நான் சொல்லலை. 2019 அக்டோபர்ல நரசிங் யாதவ் வழக்குல சுப்ரீம் கோர்ட் டிசபிலிட்டி பென்ஷன் மறுத்துச்சு. ஸ்கிசோஃப்ரீனியா மாதிரியான மனநோயை ஆள் எடுக்கும்போது கண்டுபிடிக்க முடியாது, போர்டு கருத்தை ஏத்துக்கிறோம்னு சொன்னாங்க. ஆனா அதே வகை நோய்க்கு, 2025 மே 7ல ராஜுமோன் வழக்குல, அதே சுப்ரீம் கோர்ட்ல சிப்பாய் பக்கம் தீர்ப்பு வந்துச்சு. போர்டு காரணம் எழுதலை, காரணம் இல்லாத கருத்தை வச்சு ஒருத்தரோட பென்ஷனை மறுக்க முடியாதுன்னுட்டாங்க. அதனால ஃபைலைப் பிரிச்சதும் நீங்க முதல்ல தேட வேண்டியது நோயோட பேரை இல்ல. 'காரணம்'ங்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்குங்கிறதைத்தான்.

இதுக்கு எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்கிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. சுகரும் பிரஷரும் ஐ.டி. கம்பெனியில உட்கார்ந்திருக்கிற நமக்கும்தான் வருது, அதுக்கெல்லாம் ராணுவம் காலம் பூரா காசு கொடுக்கணுமான்னு கேட்கிறாங்க. பெரிய பதவியில இருந்தவங்க ரிட்டயர் ஆகிற நேரத்துல மெடிக்கல் கேட்டகிரியை இறக்கிக்கிறாங்கங்கிற பேச்சும் இருக்கு. நியாயமான கேள்விதான். சலிச்சுப் பார்க்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா சலிக்கிறதுன்னா ஒவ்வொரு ஆளுக்கும், இவர் எங்கெங்க இருந்தார், நோய் எப்ப ஆரம்பிச்சது, ஏன் சம்பந்தம் இல்லைன்னு எழுதணும். எல்லார் ஃபைல்லயும் ஒரே வாக்கியத்தை ஒட்டுறதுக்குப் பேர் சலிக்கிறது இல்ல. தப்பா வாங்குற ஒருத்தரைப் பிடிக்கிறதுக்காக, கோர்ட் படி ஏறத் தெரியாத பத்து ஹவில்தாரைத் தள்ளிவிடுறதுதான் நடைமுறையில நடக்குது. பெரிய ஆபீசருக்கு வக்கீல் தெரியும். உளுந்தூர்பேட்டையில ரிட்டயர் ஆகி ரெண்டு ஏக்கர் உளுந்து போட்டுட்டு இருக்கிறவருக்கு யாரைத் தெரியும்?

கெடுன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு வர்றேன்.

2008ல தகுதி விதிகளைத் திருத்தினாங்க. நிரூபிக்கிற பாரம் சாதாரணமா சிப்பாய் மேல இல்லைங்கிறது அதுலயும் இருக்கு. கூடவே ஒரு வால் ஒட்டியிருக்கு. ரிட்டயர் ஆகி 15 வருஷம் கழிச்சு கிளெய்ம் பண்ணினா, அதுக்குள்ள சர்வீஸ் ரெக்கார்டுகள் பாதுகாப்புக் காலம் முடிஞ்சு அழிக்கப்பட்டிருந்தா, நிரூபிக்கிற பாரம் கிளெய்ம் பண்றவர் மேல. 2014ல ரிட்டயர் ஆனவருக்கு 15 வருஷம் 2029ல முடியுது. அப்பாவுக்கு ஏற்கனவே ஒரு மறுப்புக் கடிதம் வந்திருக்கு, அதாவது கிளெய்ம்னு ஒண்ணு அன்னைக்கே நடந்திருக்கு. அந்தக் கடிதம் பத்திரமா இருந்தா அதுவே உங்களுக்குப் பெரிய பலம். கரையான் அரிச்சுடுச்சுன்னா கதை வேற.

ரெண்டாவது நஷ்டம் அரியர்ஸ்ல. 2008ல தர்சேம் சிங் வழக்கு. அவர் 1983ல உடம்பு சரியில்லாம ராணுவத்தை விட்டு அனுப்பப்பட்டவர், கோர்ட்டுக்குப் போனது 1999ல. பென்ஷன் மாசா மாசம் தொடர்ந்து மறுக்கப்படுற விஷயம், அதனால லேட்டா வந்தாலும் கேட்கலாம்னு சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிட்டுது. ஆனா பின்பாக்கி, மனு போட்ட தேதிக்கு முந்தின மூணு வருஷத்துக்கு மட்டும்தான்னு சொல்லிடுச்சு. பதிமூணு வருஷக் காசு போயே போச்சு. நம்ம கணக்குல ஒவ்வொரு வருஷத் தாமதமும் ரூ.81,000. 'பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்'கிற வார்த்தையோட விலை அது.

இன்னொண்ணு. 2023 செப்டம்பர் 21ல புது விதிகள் வந்திருக்கு. அதுக்கு அப்புறம் ரிட்டயர் ஆனவங்களுக்கு அதுதான். முழு சர்வீஸ் முடிச்சு வர்றவங்களுக்குக் கிடைக்கிறதோட பேரே மாறிடுச்சு, 'இம்பேர்மென்ட் ரிலீஃப்'. பழைய தீர்ப்புகளை அப்படியே இவங்களுக்குப் பொருத்த முடியாது. அண்ணன் இப்ப சர்வீஸ்ல இருக்கார்னா, அங்க இருக்கும்போதே ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சீட்டையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. வெளிய வந்தப்புறம் தேடுறது கஷ்டம்.

இப்ப வேலை. அப்பாகிட்ட உட்கார்ந்து அவரோட போஸ்டிங் பட்டியலை எழுதுங்க. எந்த வருஷம் எந்த ஊர், அது ஃபீல்டா, பீஸா, உயரமான பனிப் பகுதியா. முதல்முதலா பிரஷர்னு சொன்ன தேதி எது, அதுக்கு முன்னாடி எங்க இருந்தார். இது ஏன்னா, ராணுவ டாக்டர்களுக்கான வழிகாட்டிப் புத்தகத்துலயே, ஃபீல்டுலயோ உயரமான மலைப் பகுதியிலயோ இருக்கும்போது பிரஷர் ஆரம்பிச்சா அதை 'சர்வீஸால மோசமானது'ன்னு எடுத்துக்க வழி இருக்கு. இதய நோய்னா அட்டாக்குக்கு முந்தின 14 நாள்ல என்ன டியூட்டி பார்த்தார்ங்கிறதைப் பார்ப்பாங்க. பெரும்பாலான அப்பாக்கள் இதை வீட்டுல சொன்னதே இல்ல. குப்வாராவுல இருந்தேன், சியாச்சின்ல இருந்தேன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. கேட்டா நாள் பூரா பேசுவாங்க. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, குறிச்சுக்கிட்டே.

வீட்டுல மெடிக்கல் போர்டு காப்பி இல்லைன்னா ரெக்கார்டு ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போடுங்க. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்னா பெங்களூரு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர். விண்ணப்பம் அப்பா பேர்ல, அப்பா கையெழுத்துல போகணும். மகன் பேர்ல கேட்டா, இது தனிப்பட்ட மருத்துவத் தகவல், மூணாவது ஆளுக்குத் தர முடியாதுன்னு திருப்பிடுவாங்க. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 26ல. அதுக்கு முன்னாடி ரிட்டயர் ஆனவங்க பேப்பர்ல விழுப்புரம் மாவட்டம்னுதான் இருக்கும். பழைய முகவரியையும் புது முகவரியையும் ரெண்டையும் எழுதிடுங்க, அந்தக் குழப்பம் வேண்டாம்.

கையில பேப்பர் வந்ததும் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டா ரெண்டாவது மேல்முறையீடு. ஒவ்வொண்ணுக்கும் ஆறு மாசம். தாண்டிடுச்சுன்னா தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்துப் பாருங்க. அதுக்கப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 சட்டப்படி அமைஞ்சது, சென்னையிலயே பெஞ்ச் இருக்கு. ரிட்டயர் ஆனவர் தான் குடியிருக்கிற பகுதிக்கான பெஞ்ச்லயே மனு போடலாம், அதனால டெல்லிக்கு ஓட வேண்டியதில்ல. உளுந்தூர்பேட்டையில காலையில பஸ் ஏறினா மதியத்துக்குள்ள சென்னை.

வக்கீல் வைக்கும்போது ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க. 'இப்ப ஃபீஸ் வேணாம், வர்ற அரியர்ஸ்ல 30% கொடுங்க'ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. ஜெயிச்சா இவ்வளவுன்னு பங்கு பேசுறது பார் கவுன்சில் விதிப்படியே வக்கீல்களுக்குத் தடை. அப்படிக் கேட்கிறவர் ஒண்ணு விதியை மீறுறார், இல்லைன்னா வக்கீலே இல்லை, நடுவுல இருக்கிற புரோக்கர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல முதல்ல கேளுங்க. 2025 ஜூலையில நல்சா தொடங்கின 'வீர் பரிவார் சஹாயதா யோஜனா'ல, சைனிக் போர்டு அலுவலகங்கள் மூலமா இலவச சட்ட உதவி கொடுக்கிற ஏற்பாடு இருக்கு. உதவி கேட்கிறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லைன்னு அப்பாவுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். 'பிரஷருக்குப் போய் ஊனம்னு எழுதிக் காசு வாங்குறதா'ன்னு கோவிச்சுக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அந்தப் படிவத்துல இருக்கிற வார்த்தை அப்படி, அதுக்கு அவர் என்ன பண்ணுவார். இது அவர் சம்பளத்தோட மிச்சப் பகுதின்னு சொல்லிப் பாருங்க, ஒருவேளை பெட்டிச் சாவியைக் கொடுப்பார்.

இந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டா இல்லையாங்கிறது தனி இழுபறி. 2019 ஜூன் 24ல வந்த சி.பி.டி.டி. சுற்றறிக்கை, உடம்பு காரணமா பாதியில அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான் விலக்குன்னு சொன்னதுல இருந்து சண்டை. அதுக்கு ஒரு வீடியோ தனியா போடுறேன். அதுக்குள்ள ஆர்.டி.ஐ. பதில் வந்தவங்க இருந்தா, பேரையும் ஆர்மி நம்பரையும் மறைச்சுட்டு, அந்தக் 'காரணம்' கட்டத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.